நடுவிரலால் சுட்ட மாமாவுக்கு

மாமா,

இன்று காலை துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கும்போது அந்த வாசனை வந்தது. நம் தோல் பதனிடுகிற ஷாப்பில் எதை எடுத்தாலும் நாற்றம்தான். சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, உப்புப் போட்ட பச்சைத் தோல் என்று பேர்தான் வேறே. கேட் அறையில் இந்த எண்ணெய் ஒன்று மட்டும் அந்த ஜாதியில் சேராது. "இது ஒண்ணுதான் மச்சான் இங்க சாவு வாடை இல்லாதது" என்பீர்கள். இன்று அந்த வாசனை உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. உங்கள் முக்காலி இன்னும் கேட் அறையில்தான் இருக்கிறது. நான் அதில் உட்காருவதில்லை. மரியாதை ஒன்றும் இல்லை, அதன் ஒரு கால் ஆடுகிறது. நீங்கள் இருந்தபோதே ஆடியதுதான். நாளைக்குச் சரி பண்ணுகிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

வேலூருக்கு நாம் துப்பாக்கி சுடக் கற்கப் போன அந்தச் சனி ஞாயிறைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊரில் அதைக் கண்டபடி சொல்கிறார்கள். நீங்கள் பிறவிக் குறிகாரர் என்று ஒருவன் போன வாரம் டீக்கடையில் அடித்துச் சொன்னான். பக்கத்தில் இருந்தவன் "ஆமா, கண்ணை மூடிக்கிட்டே சுடுவாரு" என்றான். நான் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். முதல் நாள் உங்கள் குண்டு எங்கே போய் விழுந்தது என்று மலைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஷாப்பில் தோல் திருட்டு ஜாஸ்தி. பின்பக்கச் சுவரேறிக் குதித்து, பதம் போட்டுக் கட்டி வைத்த கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலாளி சாயபு கலெக்டர் கச்சேரிக்கு நடையாய் நடந்து ஒரு ரைபிளுக்கு லைசென்ஸ் வாங்கினார். பகலுக்கு ஒருவன், ராத்திரிக்கு ஒருவன் என்று இரண்டு காவல்காரர்கள் வேண்டும். வேலூரில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சுபேதார், புதிய ஆட்களுக்குச் சனி ஞாயிறில் சுடக் கற்றுக்கொடுத்து வந்தார். அவர் தேறினான் என்று சொன்னால்தான் துப்பாக்கியைக் கையில் கொடுப்பது என்று முதலாளி ஏற்பாடு செய்தார். தேறாவிட்டால் வெளியூரிலிருந்து பழைய போலீஸ்காரர்களைக் கூட்டி வருவார்களாம்.

மேஸ்திரி கொட்டகை கொட்டகையாக வந்து யார் போகிறீர்கள் என்று கேட்டார். ஒருவனும் அசையவில்லை. திருடன் நம் பக்கத்து ஆளாகத்தான் இருப்பான், அவனைச் சுட்டுவிட்டு எந்தத் தெருவில் குடியிருப்பது என்ற பயம். நீங்கள் மட்டும் தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழியை விட்டு ஏறி வந்து, "நானும் என் மச்சானும் போறோம்" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெடிச்சத்தம் என்றாலே ஆகாது, தீபாவளிக்குக்கூட உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறவன் நான்.

நீங்கள் ஏன் கையைத் தூக்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைக்காகத்தான். சுண்ணாம்புக் குழியில் எனக்கு இரண்டு வருஷம், உங்களுக்குப் பத்துக்கு மேலே. என் கையில் தோல் உரிந்ததோடு சரி. உங்களுக்கு விரல் மடிப்பெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் புண் வைத்து, அது ஆறுவதற்குள் மறுபடியும் சுண்ணாம்பு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனியும் சுண்ணாம்பில் வைத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டார், சரி. சுண்ணாம்புக் குழியை விட்டால் ஷாப்பில் உங்களுக்கு வேறு என்ன வேலை? பட்டை இடிக்கவும் தோல் செதுக்கவும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கேட் வேலை ஒன்றுதான் கை நனையாத வேலை.

வீட்டில் உங்களுக்குச் சோறு ஊட்டுவது அக்காதான். குழம்புக் காரம் வெடிப்பில் பட்டால் நீங்கள் துள்ளிவிடுவீர்கள், அதனால் அவள் பிசைந்து வாயில் வைப்பாள். பிள்ளைகள் இரண்டும் பார்த்துவிட்டு, "அப்பா பாப்பா" என்று கேலி செய்யும். நீங்களும் சிரிப்பீர்கள். அக்கா சிரிக்க மாட்டாள்.

கிளம்புகிற அன்று அவள்தான் தகராறு பண்ணினாள். "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா கோயிலுக்குப் போகாம துப்பாக்கி சுடப் போறீங்களா? ரொம்ப நல்லா இருக்குது. பாதிரியாரு கேட்டா இன்னா சொல்றது?"

"வேலூர்ல எனக்கு வேற வேலை இருக்குதுன்னு சொல்லு" என்றீர்கள்.

"இன்னா வேலைன்னு கேப்பாரே?"

"கையை மீட்டுக்கிட்டு வரப் போயிருக்காருன்னு சொல்லு."

அவள் அவித்த முட்டையும் உப்பு மட்டும் போட்ட சோறும் கட்டிக் கொடுத்தாள்.

சுடுகிற இடம் வேலூர் மலையடிவாரத்தில் ஒரு பொட்டல். தூரத்தில் மண்மேடு, அதற்கு முன்னால் மரச்சட்டத்தில் ஒட்டிய காகிதம், காகிதத்தின் நடுவில் கறுப்பு வட்டம். மேட்டடியில் பள்ளம் தோண்டி அதில் ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். குண்டு வட்டத்தில் பட்டால் நீளக் கழியில் வெள்ளைத் தட்டைத் தூக்கிக் காட்டுவான், படாவிட்டால் சிவப்புக் கொடியை ஆட்டுவான். "பள்ளத்துல இருக்கறவன் கதி இன்னா மச்சான்?" என்று என் காதில் கேட்டீர்கள். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கக் கூடாது என்று எனக்கும் தோன்றியது.

சுபேதார் முதல் உலக யுத்தத்தில் பஸ்ரா வரைக்கும் போய் ஒரு காதைக் கொடுத்துவிட்டு வந்தவர். மற்ற எல்லாரும் செவிடர்கள் என்ற நினைப்பில் கத்துவார். மத்தியானம் வரைக்கும் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. கோணியைப் போட்டுக் குப்புறப் படு, முழங்கையை ஊன்று, கட்டையைத் தோளில் அணை, சுடுகிற வரைக்கும் விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும் என்று அதையே திரும்பத் திரும்ப. அது ஒற்றைத் தோட்டா ரைபிள். அடியில் இருக்கிற பிடியைக் கீழே தள்ளினால் வாய் திறக்கும், தோட்டாவை வைத்துப் பிடியை மேலே இழுத்தால் மூடிக்கொள்ளும். "சுடும்போது மூச்சை நிறுத்தணும். மூச்சு விட்டா தோள் ஏறி இறங்கும், குறி போயிடும்" என்றார். மூச்சை நிறுத்தத்தானே, அதில் நம்மை ஜெயிக்க ஆள் உண்டா என்கிற மாதிரி என்னைப் பார்த்தீர்கள்.

நம்மோடு வந்தவர்களில் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிடுகிறவர் ஒருவர். காட்டுப்பன்றித் தொல்லைக்குத் துப்பாக்கி கேட்டிருந்தவர். அவருக்கு இரைப்பு. படுத்தால் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கும். அவர் சுட்டார், வெள்ளைத் தட்டு எழுந்தது. மறுபடி சுட்டார், மறுபடியும் வெள்ளைத் தட்டு. நான் சுட்டேன், சிவப்புக் கொடி. நீங்கள் சுட்டீர்கள், சிவப்புக் கொடி. மறுபடியும் கொடி, மறுபடியும் கொடி. பள்ளத்தில் இருந்தவனுக்குக் கை வலித்திருக்கும்.

சுபேதாருக்கு விளங்கவில்லை. "ஏன்டா உங்க ரெண்டு பேருக்கு மட்டும் மூஞ்சி வீங்குது? கண்ணு பிதுங்குது? இன்னா சாப்பிட்டு வந்தீங்க?" என்று கத்தினார்.

நீங்கள் கோணியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் யோசித்தீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தீர்கள். எனக்கு எரிச்சல். மானம் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குச் சிரிப்பு வேறா என்று. அப்போதுதான் சொன்னீர்கள்: "மச்சான், நாம குழி வேலை மாதிரி மூச்சை அடக்கறோம். இங்க தோல் இல்ல. காத்து நல்லாத்தான் இருக்குது. மூச்சு விடலாம்."

உண்மைதான். பழைய சுண்ணாம்புக் குழியைக் கிளறினால் எழும்புகிற காட்டம் மூக்கைக் கிழிக்கும். குனிவதற்கு முன்னாலேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, குறட்டால் தோலைக் கவ்வித் தூக்கி, கரையில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிய பிறகுதான் விடுவோம். வேலை முடியாமல் மூச்சு விடுகிறவன் இருமியே சாவான். அந்தப் பழக்கத்தில் கோணியில் படுத்த கணமே மூச்சை அடக்கிவிட்டோம். சுபேதார் குழல் திசை பார்த்து, மற்றவர்களை ஒதுக்கி, 'சுடு' என்று சொல்வதற்குள் கண்ணில் பூச்சி பறக்க ஆரம்பித்துவிடும். வட்டம் ஒன்று இரண்டாகத் தெரியும்.

சுபேதாரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் "பாதி மூச்சு விட்டுட்டு நிறுத்துங்க. உடனே சுட்டுடுங்க. எவ்ளோ நேரம் அடக்கறீங்கன்னு பந்தயம் கட்டலை" என்றார். சாயங்காலத்துக்குள் எனக்கு வெள்ளைத் தட்டு எழுந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். வெடிச்சத்தம்கூடப் பழகிவிட்டது.

உங்களுக்கு மட்டும் எழவில்லை. மூச்சு சரியாகிவிட்டது, கண்ணும் சரிதான். சுபேதார் தோட்டா இல்லாத துப்பாக்கியை உங்கள் கையில் கொடுத்து, குழல்மேல் ஒரு காலணாவை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தச் சொன்னார். காசு விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் விழுந்தது. "மெதுவா அழுத்துடான்னா வெடுக்குன்னு இழுக்கறியே" என்று கத்தினார். "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பொழுது சாயும் வரைக்கும் அந்தக் காசு விழுந்துகொண்டே இருந்தது.

அன்று ராத்திரி காபி கிளப்பில் நான் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். நீங்கள் பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட்டீர்கள். "நான் பிசைஞ்சு ஊட்டட்டுமா மாமா?" என்று கேட்டேன். "தூ, நாலு பேர் பாக்கறாங்க" என்றீர்கள். அப்புறம் டீயைப் பார்த்துக்கொண்டே, "விரல் விசைமேல இருக்குதா இல்லியான்னே எனக்குத் தெரியலடா" என்றீர்கள். அதுவரைக்கும் நீங்கள் என்னை 'டா' போட்டதில்லை. நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மட்டும் தேறி, நீங்கள் திரும்பக் குழிக்குப் போனால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டீர்கள். துணி இருப்பதால்தான் விசை தெரியவில்லை என்ற எண்ணம். துணி போன பிறகும் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் அழுத்தினீர்கள், வெடிப்பு பிளந்துகொண்டது. சுபேதார் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். விசையிலும் கட்டையிலும் ரத்தம்.

"கையைக் காட்டு" என்றார். முதல் தடவையாக அவர் கத்தாமல் பேசினார்.

காட்டினீர்கள். அவர் உள்ளங்கையை ஒருதடவை, புறங்கையை ஒருதடவை திருப்பிப் பார்த்தார். "நீ ஊருக்குப் போ. தொட்டது தெரியாத விரலை நான் விசைமேல வைக்க விடமாட்டேன். நாளைக்கு நீ அழுத்தினது உனக்கே தெரியாம எவனாவது செத்தான்னா? தூக்குல நீ போவ, நரகத்துக்கு நான் போவேன்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. சுண்ணாம்பிலிருந்து தப்பிக்கத்தான் வந்திருக்கிறோம், அந்தச் சுண்ணாம்பு அரித்ததையே காரணம் காட்டித் திரும்பக் குழிக்கு அனுப்புகிறார்கள், இது எந்த ஊர் நியாயம் என்று மனசுக்குள் கொதித்தேன். நீங்கள் கெஞ்சுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கெஞ்சவில்லை. கையை நீட்டியபடியே நின்றுகொண்டு, "இந்த விரல் வேணாம். மத்த விரலைப் பாருங்க ஐயா. கண்ணை மூடிக்கறேன். தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்றேன், இல்லைன்னா நானே போயிடறேன்" என்றீர்கள்.

சுபேதார் ஒரு காய்ந்த புல்லைக் கிள்ளினார். அணைக்கட்டுக்காரர் உட்பட எல்லாரும் சுற்றி நின்றோம். அவர் புல் நுனியால் உங்கள் ஆள்காட்டி விரலைத் தொட்டார். நீங்கள் பேசாமல் நின்றீர்கள். கட்டைவிரலைத் தொட்டார், அதற்கும் பேச்சில்லை. கரையில் போட்ட வழுக்குத் தோலை இத்தனை வருஷம் கிள்ளிப் பிடித்து இழுத்த விரல்கள் அவை இரண்டும். மூன்றாவது, நடுவிரல். புல் பட்டும் படாமல் இருந்தது.

"தொட்டீங்க" என்றீர்கள்.

அவர் புல்லை எடுத்தார். "எடுத்துட்டீங்க" என்றீர்கள். மறுபடி வைத்தார். "நகத்துக்குக் கீழ" என்றீர்கள். கண் இன்னும் மூடித்தான் இருந்தது, ஆனால் முகம் விரிந்துவிட்டது. அணைக்கட்டுக்காரர் "அடி சக்கை" என்றார்.

ஆள்காட்டி விரலைத் துப்பாக்கிக் கட்டையோடு நீட்டி வைத்து, நடுவிரலை விசையில் போட்டுப் பழகச் சொன்னார் சுபேதார். பார்க்கவே கோணலாக இருந்தது. பட்டாளத்தில் இப்படிப் பிடித்தால் முதுகுத் தோலை உரித்திருப்பேன் என்று முணுமுணுத்துக்கொண்டே காலணாவை வைத்தார். காசு ஆடியது, விழவில்லை.

மத்தியானம் பரீட்சை. ஐந்து தோட்டாவில் குறைந்தது மூன்று வட்டத்துக்குள் பட வேண்டும். நான் முதலில் சுட்டுத் தேறிவிட்டேன். அடுத்து நீங்கள். முதல் தோட்டாவுக்குக் கொடி. இரண்டுக்கும் மூன்றுக்கும் தட்டு. நான்காவதுக்குக் கொடி. ஐந்தாவதை உள்ளே தள்ளிவிட்டு நீங்கள் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தீர்கள். என்ன யோசித்தீர்களோ. நல்லா மூச்சு வாங்கினீர்கள், பாதி விட்டீர்கள். வெடிச்சத்தம் கேட்ட பிறகும் பள்ளத்திலிருந்து ஒன்றும் எழவில்லை. அந்தப் பாவி காகிதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தானாம். எனக்குக் காது அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது. சுண்ணாம்புக் குழியில் நிற்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வட்டத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு பட்டிருந்தது. தட்டு எழுந்தது.

"இவன் சுடறது பாக்கச் சகிக்கல. ஆனா போய்ச் சேருது. தேறினான்" என்றார் சுபேதார். நீங்கள் கோணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்சநேரம் எழுந்திருக்கவில்லை. நான் உங்கள் காலைத் தட்டி, "மாமா, ரயிலுக்கு நேரமாவுது" என்றேன்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. பகல் உங்களுக்கு, ராத்திரி எனக்கு. கேட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு திருடனும் சுவரேறவில்லை. இத்தனை வருஷத்தில் நாம் ஒரு மனுஷனைக் குறி பார்த்ததில்லை. "சுடாம உக்காந்திருக்கறதுக்குத்தான் மச்சான் சம்பளம்" என்பீர்கள். கை மெதுவாகத்தான் ஆறியது. முதலில் ரத்தம் நின்றது, அப்புறம் வெடிப்பு மூடியது. ஒருநாள் அக்கா கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து உங்கள் வாய்க்குக் கொண்டு வந்தபோது, தட்டை வாங்கிக்கொண்டு நீங்களே சாப்பிட்டீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்றீர்கள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

போன வாரம் மேஸ்திரி வந்தார். உங்கள் இடத்துக்கு ஆள் வேண்டும், யாரை அனுப்பலாம் என்று முதலாளி என்னைக் கேட்கச் சொன்னாராம். பழைய போலீஸ்காரன் ஒருவன் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். மேஸ்திரியின் தம்பி மகன் ஒருவனும் இருக்கிறான், கண் கழுகு மாதிரி இருக்குமாம். "சுண்ணாம்புக் கொட்டகையிலிருந்து எடுக்கலாம்" என்றேன். "அவனுங்க கையைப் பாத்திருக்கியா?" என்றார். "பாத்துட்டு வந்து பேர் சொல்றேன்" என்று எழுந்து போனேன்.

கொட்டகையில் எல்லாரையும் கையை நீட்டச் சொன்னேன். எதற்கு என்று தெரியாமல் நீட்டினார்கள். கடைசியில் நின்ற ஒருவன் மட்டும் இடுப்புத் துணிக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றான். மூன்று பிள்ளைக்காரன், பேச்சு குறைவு. உங்களுக்கும் அவனைத் தெரியும், குடியாத்தத்திலிருந்து பெண் கட்டியவன்.

"நீ?"

"என்னுது வேணாம்ணா. பாக்க அசிங்கமா இருக்கும்."

நானே போய் வெளியே எடுத்தேன். விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. உங்களை மண்ணுக்குள் வைத்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. இப்போது இவ்வளவு பேர் நடுவில் வந்துவிட்டது. கொட்டகையின் காட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

"சனிக்கெழமை காலைல ஸ்டேஷனுக்கு வந்துடு. வேலூர் போறோம், துப்பாக்கி சுடக் கத்துக்க" என்றேன்.

அவன் கையையும் என்னையும் பார்த்தான். "இந்தக் கையாலயா சுடப் போறேன்?"

"இந்தக் கைக்காகத்தான் போறோம்."

நாளைக்குச் சனிக்கிழமை. அக்காவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கோயில் என்று இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் சோறு கட்டித் தருகிறேன் என்றாள். அவனுக்குத் தனியாக, காரம் போடாமல்.